மாசமாக இருக்கும்போது வேகமாக நடக்கலாமா, ஏரோபிக்ஸ் செய்யலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. தலைப்பிரசவம், இப்போது 18 வாரம். அதற்கு முன்பு தினமும் காலையில் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி வேகமாக நடப்பீர்கள், வாரத்தில் இரண்டு நாள் ஏரோபிக்ஸ் வகுப்புக்கும் போவீர்கள். கரு உறுதியான அன்றே உங்கள் அத்தை இரண்டையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். டாக்டர் "லேசா நடக்கலாம்" என்பதோடு முடித்துக்கொண்டார். மறுபடி தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "எனக்கு மூச்சு வாங்கினால் உள்ளே பிள்ளைக்கும் மூச்சு முட்டுமா?" என்று ஒன்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை உண்மையில் உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் மதுரையில் பிசியோதெரபிஸ்ட். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. உங்கள் ஸ்கேனையோ ரத்தப் பரிசோதனை முடிவையோ நான் பார்த்ததில்லை. அதனால் உங்களுக்கென்று "செய்யலாம்" என்று சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர்தான். அவரிடம் எதையெல்லாம் கேட்க வேண்டும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

வயிற்றில் இருக்கும் பிள்ளை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. அதற்கான ஆக்சிஜன் உங்கள் ரத்தத்திலிருந்து நஞ்சு (பிளசென்டா) வழியாகப் போகிறது. கர்ப்ப காலத்தில் உடம்பு இதற்கென்றே தன்னை மாற்றிக்கொள்கிறது. ரத்தத்தின் அளவு 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது. இதயம் ஒரு நிமிடத்தில் வெளியே தள்ளும் ரத்தம் 30 முதல் 50 விழுக்காடு அதிகமாகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு முன்பைவிட 10 முதல் 20 வரை கூடுதலாக இருக்கும். புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மூச்சை ஆழமாக இழுக்க வைக்கிறது. மாடிப்படி ஏறும்போது முன்பு இல்லாத மூச்சுவாங்கல் இப்போது இருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்குகிறது என்றால் அது வேறு விஷயம், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

நடக்கும்போது கால் தசைகளுக்கு ரத்தம் அதிகம் தேவைப்படும். அப்போது கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தம் ஓரளவு குறைகிறது என்பது உண்மை. ஆனால் அந்தக் குறைவை ஈடுகட்ட உடம்பில் ஏற்பாடு இருக்கிறது. வருகிற ரத்தத்திலிருந்து கர்ப்பப்பை வழக்கத்தைவிட அதிக ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. பிள்ளையின் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பெரியவர்களுடையதைவிட ஆக்சிஜனை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. தாய் மிதமான பயிற்சி செய்யும்போதும் முடித்த பிறகும் பிள்ளையின் இதயத் துடிப்பைப் பார்த்தால், பொதுவாக நிமிடத்துக்கு 10 முதல் 30 வரை கூடியிருக்கும். கொஞ்ச நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். மூச்சு முட்டுவதற்கான அடையாளம் அதில் இல்லை. ஆகவே நீங்கள் நடக்கிற வேக நடையில் பிள்ளை தவித்துக்கொண்டிருக்குமோ என்ற பயத்தை விட்டுவிடலாம். இதை நான் தயக்கமில்லாமல் சொல்கிறேன்.

எதற்கும் ஒரு எல்லை உண்டு. 2012இல் வெளிவந்த ஒரு நார்வே ஆய்வில், ஒலிம்பிக் தரத்திலான 6 வீராங்கனைகளை ஆறாம், ஏழாம் மாதக் கணக்கில் டிரெட்மில்லில் ஓடவிட்டு அளந்தார்கள். தங்களால் முடிந்த உச்ச இதயத் துடிப்பில் 90 விழுக்காட்டைத் தாண்டியபோது கர்ப்பப்பைக்கான ரத்த ஓட்டம் வெகுவாகக் குறைந்து, சிலரின் பிள்ளைகளுக்கு இதயத் துடிப்பும் இறங்கியது. ஓட்டத்தை நிறுத்தியதும் சரியானது. ஆறே பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது. ஆனாலும் உயிரைக் கொடுத்து ஓடுகிற அளவுக்குப் போக வேண்டாம் என்பதற்கு அது போதுமான காரணம். தெப்பக்குளத்தில் நடப்பவர்கள் யாரும் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை.

அப்படியென்றால் எவ்வளவு வேகம்? 1985இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் நாடித்துடிப்பு 140ஐத் தாண்டக் கூடாது என்றது. 1994இல் அந்த வரம்பை அவர்களே எடுத்துவிட்டார்கள். கர்ப்பத்தில் நாடித்துடிப்பே மாறிப்போவதால் அந்த எண் எல்லோருக்கும் பொருந்துவதில்லை. இன்னும் இந்த 140 நம் ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கொண்டு பயந்துபோய் என்னிடம் வருபவர்கள் உண்டு. எளிய வழி பேச்சுதான். நடக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான பயிற்சி. பேச்சு பாதியில் அறுந்தால் வேகத்தைக் குறையுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு வாரத்துக்கு குறைந்தது 150 நிமிடம். ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் முடியாவிட்டால் காலையில் 15, மாலையில் 15 என்று பிரிக்கலாம்.

உங்கள் அத்தையின் பயம் கரு கலைந்துவிடுமோ என்பதாக இருக்கும். அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். நம் குடும்பங்களில் கரு கலைந்த கதை இல்லாத வீடு குறைவு; கலைந்தபோது "அவ மாடி ஏறினா", "பஸ்ல போனா" என்று பழி பெண்ணின் மேல்தான் விழுந்திருக்கிறது. முதல் மூன்று மாதத்தில் நடக்கும் கருச்சிதைவுகளில் பாதியோ அதற்கு மேலோ குரோமோசோம் கோளாறால் வருபவை. நடந்தாலும் படுத்தாலும் அவற்றைத் தடுத்திருக்க முடியாது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது மிதமான பயிற்சியால் கருச்சிதைவு கூடியதாகத் தெரியவில்லை. மாறாக ஒன்றையும் சொல்ல வேண்டும். 2007இல் வந்த டென்மார்க் ஆய்வு, 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களை வைத்து, தொடக்க வாரங்களில் குதித்து ஆடுகிற வகைப் பயிற்சி செய்தவர்களிடம் கருச்சிதைவு அதிகம் என்றது. ஆனால் கரு கலைந்த பிறகு கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்களும் அதில் இருந்தார்கள். இழப்புக்குப் பின் ஒருவர் தான் செய்ததை நினைவுகூரும் விதமே வேறு. ஆய்வு செய்தவர்களே இதைக் குறிப்பிட்டு எச்சரித்திருக்கிறார்கள். ஆகவே முதல் மூன்று மாதத்தில் குதியோட்டம் வேண்டாம் என்று நான் சொல்வது முன்னெச்சரிக்கைதான், நிரூபணமான விஷயம் இல்லை. நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். அப்புறம், குறைப்பிரசவத்தைத் தடுக்க "பெட் ரெஸ்ட்" உதவுகிறது என்பதற்கும் நல்ல சான்று கிடைக்கவில்லை. நாள்கணக்கில் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது, எலும்பும் தசையும் பலமிழக்கின்றன.

நன்மை என்று வரும்போது எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது சுகர். தெற்காசியப் பெண்களுக்கு கர்ப்ப கால நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷய்யா இதற்காகவே வாழ்நாளெல்லாம் உழைத்தார். வெறும் வயிறாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கிற அந்த ஒரே சோதனை நம் ஆரம்ப சுகாதார நிலையம் வரை வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் ரத்தச் சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் என்றால் சுகர் என்று கணக்கு. 2018இல் கனடா ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, பயிற்சி செய்த தாய்மாரிடம் கர்ப்ப கால நீரிழிவு, கர்ப்ப கால ரத்த அழுத்தம், வலிப்பு வரை கொண்டுபோகக்கூடிய பிரீ எக்லாம்சியா ஆகிய மூன்றும் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 40 விழுக்காடு குறைவாக இருந்தது. ஏற்கெனவே சுகர் வந்தவர்களுக்குச் சாப்பிட்டபின் 10, 15 நிமிடம் நடப்பது நல்ல பலன் தரும். மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் தெருவில் இரண்டு நடை போட்டு வந்தவர்களின் அளவு இறங்குவதை நானே திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இது தவிர மனச்சோர்வு குறைவது, எடை அளவுக்கு மீறாமல் இருப்பது, தூக்கம், மலச்சிக்கல் என்று சின்னச் சின்ன ஆறுதல்களும் உண்டு.

பிள்ளைக்கு? அளவுக்கு மீறிப் பெரிதாக, 4 கிலோவைத் தாண்டிப் பிறப்பது குறைகிறது. எடை குறைந்தோ நாள் நிறையாமலோ பிறப்பது அதனால் கூடவில்லை. இவை உறுதியானவை. தாய் தொடர்ந்து பயிற்சி செய்தால் பிள்ளையின் இதயத் துடிப்பு ஓய்வில் சற்று நிதானமாக இருக்கிறது என்று அமெரிக்காவில் சில சிறிய ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஆர்வமூட்டும் செய்தி, அவ்வளவுதான். "நடந்தால் பிள்ளை புத்திசாலியாகப் பிறக்கும்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை மட்டும் நம்பிவிடாதீர்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வுகள் மிகச் சிறியவை. பயிற்சி செய்யும் தாய்மாரின் படிப்பு, வருமானம், சாப்பாடு எல்லாம் வேறாக இருந்திருக்கலாம்.

சுகப்பிரசவத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சிசேரியன் வாய்ப்பு பயிற்சியால் கொஞ்சம் குறையலாம் என்று சில தொகுப்புகள் சொல்கின்றன, சில அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் ஏறக்குறைய 45 விழுக்காடு சிசேரியன். அவ்வளவுக்கும் காரணம் பெண்கள் நடக்காததுதான் என்று சொல்வது அநியாயம். பிள்ளையின் நிலை, இடுப்பெலும்பின் அமைப்பு, முந்தைய ஆபரேஷன், ஆஸ்பத்திரியின் வழக்கம் என்று எத்தனையோ இருக்கின்றன. குத்தவைத்து வீடு துடைத்தால் சுகப்பிரசவம் ஆகும் என்று உங்கள் வீட்டில் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். முழங்காலும் குறுக்கும் வலிக்காமல் அப்படி உட்கார முடிந்தால் கொஞ்ச நேரம் துடைப்பதில் கெடுதல் இல்லை. ஆனால் அது இதயத்துக்கும் நுரையீரலுக்குமான பயிற்சி ஆகாது, பிரசவத்துக்கு உத்தரவாதமும் தராது. வலித்தால் மாப் வைத்து நின்றபடி துடையுங்கள்.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு பேச்சு, "அந்தக் காலத்துல நாத்து நட்டுக்கிட்டே பிள்ளை பெத்தாங்க" என்பது. வேலையும் பயிற்சியும் ஒன்றில்லை. விருப்பப்பட்ட நேரத்தில் நடந்து, களைத்தால் நிறுத்துவது பயிற்சி. வெயிலில் குனிந்தபடி நாள் முழுக்க நடவு செய்வதிலும், தலையில் கல் சுமப்பதிலும், ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நின்றே கழிப்பதிலும் நிறுத்தும் உரிமை நம் கையில் இல்லை. அதிக பாரம் தூக்குவதும் நீண்ட நேரம் நிற்பதும் குறைப்பிரசவ வாய்ப்பைச் சற்றுக் கூட்டுவதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. அப்படி வேலை பார்த்து இழந்த பிள்ளைகளின் கணக்கு அந்தப் பேச்சில் வருவதே இல்லை. கடையில் நிற்கிற தங்கைகள் இதைப் படித்தால் ஒரு தகவல்: 2021இல் தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியிருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

இனி, யார் செய்யக் கூடாது. இதயம் அல்லது நுரையீரலில் கடுமையான கோளாறு, கர்ப்பப்பை வாய் பலவீனமாக இருப்பது அல்லது அதற்குத் தையல் போட்டிருப்பது, நிற்காத ரத்தக்கசிவு, பனிக்குடம் உடைந்திருப்பது, குறைப்பிரசவ வலி, பிரீ எக்லாம்சியா, கடுமையான ரத்தசோகை, குறைமாதத்தில் பிறக்கும் ஆபத்துள்ள இரட்டைக் கரு. 26 வாரத்துக்குப் பிறகும் நஞ்சு கர்ப்பப்பை வாயை மூடியிருந்தால் அதுவும் இந்தப் பட்டியலில் சேரும். உங்களுக்கு ஐந்தாம் மாத ஸ்கேன் வரப்போகிறது. அதில் "நஞ்சு கீழே இருக்கு" என்று எழுதியிருந்தால் பதறாதீர்கள். கர்ப்பப்பை வளர வளர பெரும்பாலானவர்களுக்கு அது மேலே போய்விடும். ஆனால் அதுவரை வேக நடை வேண்டுமா என்று டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அடுத்த முறை போகும்போது நேராகவே கேளுங்கள்: நஞ்சு எங்கே இருக்கிறது, கர்ப்பப்பை வாயின் நீளம் சரியா, ஹீமோகுளோபின் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, "தினமும் 30 நிமிடம் வேகமாக நடக்கலாமா?" "லேசா" என்று பொதுவாகச் சொன்னவரும் இப்படிக் கேட்டால் தெளிவாகப் பதில் சொல்வார்.

ஹீமோகுளோபினை நான் சும்மா சேர்க்கவில்லை. நம் மாநிலத்தில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்கா, கனடாவில் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த பெண்களிடம் நடந்தவை. அங்கே பிள்ளை பெருத்துப்போவது பிரச்சினை. இங்கே எடை குறைந்து பிறப்பதும் அதே அளவு கவலை. அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஹீமோகுளோபின் 7க்குக் கீழ் என்றால் பயிற்சியே கிடையாது, முதலில் சிகிச்சை. 7க்கும் 10க்கும் இடையில் என்றால் மெதுவான நடை, கூடவே இரும்புச்சத்து மாத்திரை. 10க்கு மேல் போனால் வேகத்தைக் கூட்டலாம். நடுவில் உள்ள அந்தக் கோடு என் அனுபவத்தில் போட்டது, எந்த வழிகாட்டியிலும் இருப்பதில்லை. மாத்திரையை டீ, காபியோடு போடாதீர்கள். இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. வெறும் வயிற்றில் நடக்கவும் வேண்டாம், கர்ப்பத்தில் சர்க்கரை சீக்கிரம் இறங்கிவிடும். போவதற்கு அரை மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம், வந்ததும் ஒரு கிண்ணம் சுண்டலோ முட்டையோ போதும். ஒல்லியானவராக இருந்து, வாராவாரம் எடை ஏறாமல் நின்றுவிட்டால் நடையைக் குறைத்துச் சாப்பாட்டைக் கூட்டுங்கள்.

அடுத்தது வெயில். நம் ஊரில் மற்ற எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது இதற்குத்தான். தாயின் உள்ளுடல் வெப்பம் 39 டிகிரியைத் தாண்டினால், முதல் சில வாரங்களில் பிள்ளையின் மூளை, தண்டுவட வளர்ச்சி பாதிக்கப்படலாம். ஆய்வுகளில் 25 டிகிரி வெப்பம், 45 விழுக்காடு ஈரப்பதம் உள்ள அறையில் 35 நிமிடம் கடுமையாகப் பயிற்சி செய்தும் யாருக்கும் அந்த அளவு ஏறவில்லை. மதுரையின் சித்திரை, வைகாசி வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த ஆய்வுகளை அப்படியே எடுத்து இங்கே ஒட்ட முடியாது. நீங்கள் அந்தத் தொடக்க வாரங்களைத் தாண்டிவிட்டாலும், நீர் வற்றுவது, தலை சுற்றி விழுவது, வயிறு இறுகுவது எல்லாம் எந்த மாதத்திலும் வரும். ஆகவே கோடையில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். மாலை என்றால் தரையின் சூடு தணிந்த பிறகு. தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். அப்படிப்பட்ட நாளில் வீட்டுக்குள் ஃபேன் போட்டு நின்ற இடத்திலேயே நடப்பதும் பயிற்சிதான். பலர் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் குடிக்கிற தண்ணீர் போதவில்லை என்று பொருள்.

இடம் என்று பார்த்தால் தெப்பக்குளம் நல்ல தேர்வு. சமதளம், ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும், களைத்தால் உட்கார இடம் உண்டு. கூட்டமும் வண்டியும் ஏறுவதற்கு முன் போய்விடுங்கள். வயிறு முன்னால் தள்ளத் தள்ள உடம்பின் நிலை மாறும், ஹார்மோனால் மூட்டு நார்களும் தளரும். ஆகவே சமணர் மலைப் படி, பழமுதிர்சோலை ஏற்றம் போன்றவை இப்போதைக்கு வேண்டாம். தடுக்கி விழுவதுதான் அங்கே பயம். கொடைக்கானல் போவீர்கள் என்றால் அது சுமார் 2,100 மீட்டர் உயரம்; வழிகாட்டிகள் தடுப்பது 2,500 மீட்டருக்கு மேல்தான். இருந்தாலும் போன முதல் நாள் மெதுவாக நடங்கள்.

நடுவில் ரத்தக்கசிவு, நீர் போவது, விட்டுவிட்டு ஒழுங்காக வரும் வயிற்று வலி, நெஞ்சு வலி, தலைச்சுற்றல், கடும் தலைவலி, ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலிப்பது, இதில் எது வந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தனியாக இருந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். ஏறக்குறைய மூன்று மாதம் விட்டுவிட்டதால் பழைய வேகத்தில் ஆரம்பிக்காதீர்கள். டாக்டர் சரி என்றதும் முதல் வாரம் 10 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டி 30க்கு வாருங்கள். ஏரோபிக்ஸ் வகுப்புக்கும் நடை பழகிய பிறகு போகலாம். மாஸ்டரிடம் கர்ப்பமாக இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். குதிப்பது, சட்டென்று திரும்புவது, மூச்சை அடக்கித் தம் கட்டுவது இவற்றை விட்டுவிட்டு ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கிற மாதிரி அடிவைத்துச் செய்யுங்கள். மல்லாந்து படுத்துச் செய்கிற பயிற்சிகளை இனி தவிர்த்துவிடுங்கள். கர்ப்பப்பை கனத்து பெரிய ரத்தக்குழாயை அழுத்தினால் மயக்கம் வரும். மூடிய அறையில் காற்றோட்டம் இல்லாமல் நடக்கும் வகுப்பு என்றால் அதற்குப் போகாமல் நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏழாம் மாதத்துக்கு மேல் வேகம் தானாகவே குறையும். குறையட்டும், 30 நிமிடத்தை மட்டும் முடிந்தவரை விடாதீர்கள். நிறைமாதத்திலும் இடுப்பு வலி இல்லாமல் நடக்க முடிகிறவரை நடக்கலாம்.